எழுபது மில்லிமீட்டர்

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது
சுழல் கைகளோடு ஒரு விண்மீன் திரள்,
செம்மையும் ஊதாவுமாய்.
உள்ளே இருந்தது
எழுபது மில்லிமீட்டர் கண்ணாடி,
நடுங்கும் முக்காலி,
சீன எழுத்தில் ஒரு காகிதம்.
ஏழாயிரத்து இருநூறு ரூபாய். மூன்று தவணை.

வாளையாறுக்கு இப்பால், சாவடியில்,
எடைமேடை ஆபீஸின் மொட்டைமாடி.
கிழக்கு வானத்தைக் கோயம்புத்தூர்
கரைத்துக் குடித்துவிடுகிறது.
மேற்கே மட்டும்
மலை இரண்டாய் விலகிய இடைவெளியில்
கொஞ்சம் இருட்டு மிச்சம்.
கார்த்திகையில் காற்றும் அந்த வழிதான் போகும்
லாரிகளோடு,
பர்மிட் இல்லாமல்.

முதல் மாதம் ஆசைப்பட்டதையெல்லாம் தேடினேன்.
ஆந்த்ரோமெடா: கண்ணாடியில் யாரோ ஊதிய மூச்சு.
நண்டு நெபுலா: இல்லை.
இல்லவே இல்லை.
சனி: இந்த வருஷம் பார்த்து வளையத்தை
விளிம்பாகத் திருப்பிக்கொண்டது,
ஊசியில் ஏற்றிய பாசிமணி.

ஒன்பது வருஷமாக இந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறேன்.
பன்னிரண்டு டன் வண்டியில் இருபது ஏற்றி வந்து
"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க மேடம்" என்பவரிடம்
அச்சுக்காக, டயருக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.
இந்தக் கண்ணாடிக்காக
ஒருநாளும் பேசவில்லை.

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
பட்டியலை எழுதி, அடிக்கத் தொடங்கினேன்.
எட்டாம் பிறை இருக்கட்டும்,
ஒளியும் நிழலும் உரசும் ஓரத்துப் பள்ளங்களில்
அப்போதுதான் விடிகிறது.
ஆறாமீன் இருக்கட்டும்,
குறைந்த பெருக்கத்தில் மட்டும்,
அதிகம் கேட்டால் ஆறும் சிதறிவிடும்.
மற்றவற்றில் பாதி
பேனா மை தீரும்வரை போனது.

நேற்று எட்டு பத்துக்கு மின்சாரம் நின்றது.
மேடையில் நாமக்கல் முட்டை லோடு ஒன்று
எண் வராமல் காத்திருக்க,
டிரைவர் எல்தோஸ் என் பின்னாலேயே மாடியேறினார்.
"எந்தா சேச்சி, ராக்கெட்டோ?"

எத்தனை நிமிஷம் கிடைக்கும், தெரியாது.
ஒன்றைத்தான் காட்ட முடியும்.
எல்லோரையும் போல சனியைக் கேட்டார்.
வளையத்துக்கு ஆசைப்பட்டு வந்தவரிடம்
ஊசியைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அரசு முத்திரை குத்திய ஐந்து கிலோ கல்லை
முக்காலியில் தொங்கவிட்டேன், காற்றுக்காக.
மேற்கே, இடைவெளிக்கு மேல்,
அன்னத்தின் அலகு நுனிக்குக் குழாயைத் திருப்பினேன்.
வெறும் கண்ணுக்கு அது சாதா நட்சத்திரம்,
கூட்டத்தில் யாரும் பெயர் கேட்காத ஆள்.

முதலில் மூட வேண்டிய கண்ணால் பார்த்தார்.
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.
"ரெண்டெண்ணம்."
கொஞ்சம் கழித்து,
"ஒண்ணு மஞ்ஞ. மற்றது
எங்க பள்ளிப் பெருநாள் சீரியல் பல்பு நீலம்."
அதன்பின் கேட்டார்:
"இதுல பாரம் கூட எது சேச்சி?"

மஞ்சளாக இருக்கும் என்றேன், ஓர் ஊகத்தில்.
கீழே இப்படிச் சொன்னால் வேலை போய்விடும்.

சட்டென்று எல்லா விளக்கும் வந்தன.
எங்கோ ஹாரன்.
கண்ணை எடுக்காமல் அவர் இன்னும் குனிந்திருந்தார்.
நீலம்தான் முதலில் கரைந்திருக்கும்.

ரசீதின் பின்னால்
நட்சத்திரத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னார்.
அல்பிரியோ என்று எழுதிய பிறகுதான் உறைத்தது,
அவருக்குத் தமிழ் படிக்க வராது.
"சாரமில்ல" என்று
சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.
முட்டைகள் மெதுவாகக் கேரளத்துக்குள் இறங்கின.

மாடிக்குத் திரும்பிக் கல்லை அவிழ்த்தேன்.
சனியை அடித்துவிடலாமா?
வளையம் மெல்லத் திறக்கும்,
நன்றாகத் தெரிய இரண்டு வருஷம் ஆகலாம்.
அடிக்கவில்லை.
பக்கத்தில், பென்சிலால்,
ஒரு கேள்விக்குறி.